அமீர் கான் வழக்கு: சிறையாளர் எழுப்பிய அதிகார வினா

வழக்கொன்றில் வாதியின் கூற்றையும் பிரதிவாதியின் மறுப்பையும் செவிமடுக்கும் முன்னரே நீதிபதி தமக்குத் தாமே எழுப்பிக்கொள்ள வேண்டிய வினா ஒன்று உண்டு. இவ்வழக்கை விசாரித்துத் தீர்ப்பு வழங்கும் அதிகாரம் எனக்கு இருக்கிறதா என்பதே அவ்வினா. இஸ்லாமியச் சட்டவியலார் இதனை விரிவாக ஆராய்ந்துள்ளனர். ஹிஜ்ரீ 450இல் (கி.பி. 1058) மறைந்த இமாம் மாவர்தீ அவர்கள் ‘அல்அஹ்காமுஸ் ஸுல்தானிய்யா’ என்னும் தம் நூலில், காஜியின் நியமனம் பொதுவானதாகவும் இருக்கலாம், ஒரு நகருக்கோ ஒரு மஹல்லாவுக்கோ குறிப்பிட்ட வகை வழக்குகளுக்கோ மட்டும் உரியதாகவும் இருக்கலாம் என்று வகுத்துரைக்கிறார். ஒரு மஹல்லாவுக்கு நியமிக்கப்பட்டவர் அங்குக் குடியிருப்போருக்கு மட்டுமன்றி, அங்கு வந்து சேர்ந்த வெளியூராருக்கும் தீர்ப்பளிக்கலாம் என்பது அவர் கருத்து. உதுமானியப் பேரரசில் 1876இல் நிறைவெய்திய ‘மஜல்லா’ சட்டத்தொகுப்பின் 1801ஆம் பிரிவும், நீதிபதியின் அதிகாரம் காலத்தாலும் இடத்தாலும் வழக்கின் வகையாலும் வரையறுக்கப்படலாம் என்கிறது.

ஆகவே, ‘என்னை அடைத்து வைக்க உமக்கு அதிகாரம் உண்டா?’ என்று சிறையாளர் ஒருவர் கேட்பாராயின், அதனை ஆணவமென்று தள்ளிவிட இயலாது. நீதியின் வாயிற்படியிலேயே நிற்கும் கேள்வி அது. ஆயினும் அக்கேள்வியை இரு வகையாகக் கேட்கலாம். எந்தச் சட்டமும் என்னைக் கட்டுப்படுத்தாது என்று சொல்வதற்காகக் கேட்பது ஒரு வகை. உம்முடைய சட்டம் உம்மையும் கட்டுப்படுத்துகிறதா என்று அறிவதற்காகக் கேட்பது மற்றொரு வகை. இவ்விரண்டிற்கும் உள்ள வேறுபாட்டைத் தெளிவாகக் காட்டும் வழக்கு ஒன்று 1870இல் கல்கத்தா உயர்நீதிமன்றத்தில் நடைபெற்றது. இந்திய முஸ்லிம்களின் வரலாற்றில் பெரிதும் பேசப்படாத அவ்வழக்கை இக்கட்டுரையில் நோக்குவோம்.

எல்லைக்கோடும் மனிதனும்

அதிகார எல்லை என்பது நூல்களில் மட்டும் வாழும் கருத்தன்று. மரக்காணத்து உப்பளங்களைக் கடந்து கடலோரமாகத் தெற்கே வந்தால் கூனிமேடு. அதற்கும் தெற்கே காலாப்பட்டு. இன்று கிழக்குக் கடற்கரைச் சாலையில் பேருந்தில் செல்வோர் இவ்வூர்களை ஒரே மூச்சில் கடந்துவிடுகின்றனர். 1954 நவம்பர் 1 வரை காலாப்பட்டு பிரெஞ்சு ஆட்சியின் கீழிருந்த புதுச்சேரிப் பகுதியைச் சேர்ந்தது. கூனிமேடு ஆங்கிலேயரின் தென்னார்க்காடு மாவட்டத்தில் இருந்தது. ஒரே கடல், ஒரே மணல், ஒரே மொழி. ஆனால் ஒருபுறம் பிடியாணை செல்லும், மறுபுறம் செல்லாது. 1908இல் சுப்பிரமணிய பாரதியாரும், 1910இல் அரவிந்தரும் வ.வே.சு. ஐயரும் புதுச்சேரியில் புகலிடம் தேடியது இக்காரணத்தாலேயே. பத்தாண்டுகள் கழித்து 1918 நவம்பரில் பாரதியார் அவ்வெல்லையைக் கடந்து ஆங்கிலேயப் பகுதிக்குள் அடியெடுத்து வைத்தவுடன் கைது செய்யப்பட்டுக் கடலூர்ச் சிறையில் வைக்கப்பட்டார்.

அவர்கள் எவரும் தம்மை எந்தச் சட்டமும் தீண்டாது என்று வாதிடவில்லை. ஒரு சட்டம் முடிந்து மற்றொரு சட்டம் தொடங்கும் இடத்தை அறிந்து அங்குச் சென்றனர். இவ்வேறுபாட்டை மனத்திற்கொண்டு, அண்மைக் காலத்தில் மேலைநாடுகளில் பரவியுள்ள ஒரு வாதத்தைச் சுருக்கமாகக் காண்போம்.

தானே தனக்கு அரசன் என்னும் வாதம்

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் ‘இறையாண்மைக் குடிமக்கள்’ எனத் தம்மை அழைத்துக்கொள்ளும் சிலர் உள்ளனர். 1970களில் அந்நாட்டின் வலதுசாரிக் குழுக்களிடையே உருவான சிந்தனை இது. கூட்டாட்சி அரசின் சட்டங்கள் தம்மைக் கட்டுப்படுத்தா என்பது இவர்களின் அடிப்படை நிலைப்பாடு. ஆவணங்களில் பெரிய எழுத்துகளில் அச்சிடப்படும் பெயர் அரசு படைத்த ஒரு கற்பனை ஆளுக்கு உரியதென்றும், இரத்தமும் சதையுமான தாம் வேறு ஆள் என்றும் கூறுவர். நீதிமன்றத்திலுள்ள கொடியின் ஓரத்தில் பொன்னிறக் குஞ்சம் இருந்தால் அது கடற்படைச் சட்ட நீதிமன்றமென்றும், தரையில் வாழும் தம்மை விசாரிக்க அதற்கு அதிகாரமில்லை என்றும் வாதிடுவர். சிறையிலிருந்துகொண்டே இத்தகைய மனுக்களை நூற்றுக்கணக்கான பக்கங்களில் எழுதி அனுப்புவோர் உளர்.

இவ்வாதம் வென்றதில்லை. கூட்டாட்சிக் குற்றங்கள் அனைத்தையும் விசாரிக்கும் அதிகாரத்தை அந்நாட்டுச் சட்டம் கூட்டாட்சி மாவட்ட நீதிமன்றங்களுக்கு வெளிப்படையாகவே வழங்கியுள்ளது. ஒருவர் தம்மை எப்பெயரால் வருணித்துக்கொண்டாலும் அவர் நீதிமன்றத்தின் அதிகாரத்துக்கு அப்பாற்பட்டவராகிவிட மாட்டார் என்று 2011இல் ஏழாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. கனடாவின் அல்பர்ட்டா மாகாணத்தில் 2012இல் வெளிவந்த மீட்ஸ் வழக்குத் தீர்ப்பு, இத்தகைய வாதங்கள் ஒவ்வொன்றையும் எடுத்து ஆராய்ந்து, இவற்றைக் கட்டணம் பெற்றுக் கற்பித்து வந்தோரையும் கண்டித்தது.

முஸ்லிம் வாசகர்கள் கவனிக்க வேண்டிய ஒரு கிளை இதில் உண்டு. தம்மை ‘மூர்’ இனத்தவர் என அழைத்துக்கொள்ளும் ஒரு பிரிவினர், மொரோக்கோவின் சுல்தான் மூன்றாம் முஹம்மதும் அமெரிக்காவும் 1786இல் செய்துகொண்ட நட்புறவு ஒப்பந்தத்தைச் சான்றாகக் காட்டி, அமெரிக்கச் சட்டம் தம்மைக் கட்டுப்படுத்தாது என்கின்றனர். அரபு மொழியில் எழுதப்பட்ட அவ்வொப்பந்தம் உண்மையானது, வரலாற்றுச் சிறப்புடையது. ஆனால் அதன் 21ஆம் பிரிவு என்ன சொல்கிறது? அமெரிக்கர் ஒருவர் மூர் ஒருவரைக் கொன்றாலோ காயப்படுத்தினாலோ, அல்லது மூர் ஒருவர் அமெரிக்கருக்கு அவ்வாறு செய்தாலோ, நாட்டின் சட்டமே செல்லும் என்றும் இருதரப்பாருக்கும் சமநீதி வழங்கப்பட வேண்டும் என்றும் வகுக்கிறது. எந்த ஆவணத்தைக் கேடயமாகப் பிடிக்கின்றனரோ, அந்த ஆவணமே அவர்களுக்கு எதிராகச் சான்று பகர்கிறது.

இனி நம் நாட்டுக்கு வருவோம். இங்கே இறையாண்மை குறித்த வினா, கற்பனைப் பெயர்களைப் பற்றியதாக இருக்கவில்லை. ஆள்பவர் யார், ஆளப்படுபவர் யார் என்பதே புரண்டு கிடந்த காலம் அது.

டில்லியில் கேட்கப்படாத கேள்வி

1858 ஜனவரி 27 அன்று டில்லிச் செங்கோட்டையின் திவானே காஸ் மண்டபத்தில், முதுமையால் தளர்ந்திருந்த பகதூர் ஷா ஸஃபர் இராணுவ ஆணையம் ஒன்றின் முன் நிறுத்தப்பட்டார். முன்னோர் அரியணையில் அமர்ந்து முறைகேட்ட அதே மண்டபம். ஆங்கில அரசின் ஓய்வூதியர், அதன் குடிமகன், அவ்வாறிருந்தும் அதற்குக் கடமைப்பட்ட விசுவாசத்தைக் கைவிட்டவர் என்பதாகக் குற்றச்சாட்டு அமைந்தது.

இங்கே முரண்பாடு வெளிப்படையானது. வங்காளம், பீகார், ஒரிஸா ஆகியவற்றின் திவானி உரிமையைக் கிழக்கிந்தியக் கம்பெனி 1765இல் பெற்றது யாரிடம்? ஸஃபரின் பாட்டனார் இரண்டாம் ஷா ஆலமிடம். கம்பெனியின் நாணயங்கள் 1835 வரை முகலாய மன்னரின் பெயரையே தாங்கி வந்தன. அப்படியாயின் மன்னர் எப்போது கம்பெனியின் குடிமகனானார்? 1922இல் பக்லர் என்னும் ஆங்கில வரலாற்றறிஞர் இவ்வினாவை எழுப்பி, சட்டப்படி நோக்கினால் கிளர்ச்சியாளர் கம்பெனியே என்று வாதிட்டார். அவர் முடிவை மறுத்த அறிஞர்களும் உண்டு. ஆனால் 1858இல் அம்மண்டபத்தில் இவ்வினா எழவே இல்லை. சிப்பாய்களின் கையில் தாம் கைதிபோல் இருந்ததாகவே ஸஃபர் தம் எழுத்து வாக்குமூலத்தில் கூறினார். மார்ச் 9 அன்று விசாரணை முடிவுற்றது. அவர் ரங்கூனுக்கு நாடுகடத்தப்பட்டு, 1862 நவம்பர் 7 அன்று அங்கேயே இறந்தார்.

மன்னரால் கேட்கப்படாத கேள்வியைப் பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பின் ஒரு தோல் வணிகர் கேட்டார்.

அமீர் கானின் கைது

அமீர் கான் பாட்னாவோடு தொடர்புடையவர். கல்கத்தாவில் தோல் வணிகம் செய்து பெருஞ்செல்வராக விளங்கிய முதியவர். 1869 ஜூலையில் அவரும், ஹஷ்மத் தாத் கான் என்னும் மற்றொரு வணிகரும் கைது செய்யப்பட்டனர். அமீர் கான் கல்கத்தாவிலிருந்து கயாவுக்குக் கொண்டு செல்லப்பட்டார். அவர்மீது குற்றப்பத்திரிகை இல்லை, விசாரணை இல்லை, எத்தனை காலம் சிறை என்னும் வரையறையும் இல்லை.

பின்னணியைச் சுருங்கச் சொல்ல வேண்டும். 1831இல் பாலாகோட்டில் உயிர்நீத்த சையித் அஹ்மத் பரேல்வியின் இயக்கத்தினர் வடமேற்கு எல்லைப்புறத்தில் ஆங்கிலேயரை எதிர்த்து வந்தனர். அவர்கள் தம் இயக்கத்தை ‘தரீக்கயே முஹம்மதிய்யா’ என்றே அழைத்தனர். ஆங்கிலேயர் ‘வஹ்ஹாபிகள்’ என்று பெயரிட்டனர். அவ்வியக்கத்துக்குப் பணமும் ஆளும் அனுப்பியதாக 1864இல் அம்பாலாவிலும் 1865இல் பாட்னாவிலும் வழக்குகள் நடந்தன. மவ்லவி யஹ்யா அலீ, ஜஅஃபர் தானேஸரீ முதலானோர் அந்தமானுக்கு அனுப்பப்பட்டனர். அவ்வரிசையில் வந்ததே அமீர் கானின் கைது. எனினும் முன்னையோர் நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டனர். அமீர் கானோ 1818ஆம் ஆண்டின் மூன்றாம் ஒழுங்குவிதியின் கீழ் ‘அரசுக் கைதி’யாக வைக்கப்பட்டார்.

அவ்வொழுங்குவிதியின் இயல்பை அறிதல் இன்றியமையாதது. நீதிமன்ற நடவடிக்கைக்குப் போதிய ஆதாரம் இல்லாதபோதும், அல்லது அத்தகைய நடவடிக்கை பொருத்தமற்றதெனக் கருதப்படும்போதும், அரசின் பாதுகாப்பை முன்னிட்டு எவரையும் காவலில் வைக்கக் கவர்னர் ஜெனரலுக்கு அது இடமளித்தது. வேண்டியது அவருடைய ஆணை ஒன்றே. இதே சாயலில் 1819இல் சென்னை மாகாணத்துக்கும் 1827இல் பம்பாய் மாகாணத்துக்கும் ஒழுங்குவிதிகள் இயற்றப்பட்டன. பிற்காலத்தில் 1907இல் லாலா லஜபதி ராய் மாண்டலேக்கு அனுப்பப்பட்டதும் இந்த மூன்றாம் ஒழுங்குவிதியின் கீழ்தான்.

ஆன்ஸ்டியின் வாதம்

1870 ஆகஸ்டில் அமீர் கான் சார்பில் கல்கத்தா உயர்நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு தாக்கல் செய்யப்பட்டது. பம்பாயிலிருந்து வந்து அவருக்காக வாதிட்டவர் தாமஸ் சிஷோம் ஆன்ஸ்டி. பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் முன்னாள் உறுப்பினர். ஹாங்காங்கின் அட்டர்னி ஜெனரலாகவும் இருந்தவர். எவருக்கும் அஞ்சாத நாவினர் எனப் பெயர் பெற்றவர். மனுவை விசாரித்தவர் நீதிபதி ஜான் பாக்ஸ்டன் நார்மன்.

ஆன்ஸ்டியின் வாதத்தில் சாரமான பகுதி இது: 1215ஆம் ஆண்டின் மாக்னா கார்ட்டா, நாட்டின் சட்டப்படியன்றி எந்தச் சுதந்திர மனிதனும் சிறைவைக்கப்படலாகாது என்று வகுத்தது. அது ஆங்கில மண்ணுக்கு மட்டும் உரியதன்று. அரசியின் குடிமக்கள் எங்கிருப்பினும் அவர்களுக்கு உரியது. 1833ஆம் ஆண்டின் பட்டயச் சட்டம் இந்தியாவில் சட்டமியற்றும் அதிகாரத்தைக் கவர்னர் ஜெனரலின் மன்றத்துக்கு வழங்கியபோது ஒரு வரம்பையும் விதித்தது. குடிமக்களின் அரச விசுவாசம் எதனை எவ்வகையிலேனும் சார்ந்துள்ளதோ, அத்தகைய எழுதப்படாத சட்டங்களைத் தொடும் உரிமை அம்மன்றத்துக்கு இல்லை என்பதே அவ்வரம்பு. விசுவாசமும் பாதுகாப்பும் ஒன்றற்கொன்று கைம்மாறானவை. காரணமின்றிச் சிறைவைக்கப்பட மாட்டேன் என்னும் பாதுகாப்பை அரசு விலக்கிக்கொள்ளுமாயின், குடிமகனிடம் விசுவாசத்தைக் கேட்க அதற்கு என்ன உரிமை எஞ்சும்? ஆகவே அவ்வொழுங்குவிதி செல்லாது; அமீர் கானை அடைத்து வைக்கும் அதிகாரம் எவருக்கும் இல்லை.

இவ்வாதத்தின் நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். அமீர் கான் ஆங்கிலேயரின் குடிமகனல்லர் என்று ஆன்ஸ்டி சொல்லவில்லை. குடிமகன் என்பதாலேயே அவருக்கு இவ்வுரிமை உண்டு என்றார். சட்டத்தினின்று விலக்குக் கோரவில்லை. சட்டத்தின் முழுமையைக் கோரினார். ஃபிக்ஹு நூல்களைப் பயில்வோருக்கு இக்கருத்து அயலானதன்று. ‘அமான்’ என்னும் பாதுகாப்பு உடன்பாடு இரு தரப்பையும் பிணைப்பது. பாதுகாப்புப் பெற்றவர் துரோகம் செய்யலாகாது. பாதுகாப்பளித்தவரும் அதனை முறிக்கலாகாது. திருக்குர்ஆனின் ஐந்தாம் அத்தியாயம் உடன்படிக்கைகளை நிறைவேற்றும்படியான கட்டளையுடன் தொடங்குவதை நாமறிவோம்.

காவலில் வைத்தல் குறித்தும் நம் முன்னோர் பேசியுள்ளனர். நம்பத்தகுந்த சாட்சிகளின்றி இஸ்லாத்தில் எவரும் சிறைப்படுத்தப்படலாகாது என்னும் கருத்து உமர் (ரலி) அவர்களின் கூற்றாக இமாம் மாலிக்கின் ‘முவத்தா’வில் பதிவாகியுள்ளது. ஹிஜ்ரீ 182இல் மறைந்த இமாம் அபூ யூஸுஃப், கலீஃபா ஹாரூன் ரஷீதுக்காக எழுதிய ‘கிதாபுல் கராஜ்’ நூலில், ஒருவர் மற்றவர்மீது சுமத்தும் வெறும் குற்றச்சாட்டை நம்பி எவரையும் சிறையிலிடுவது முறையன்று என்று அறிவுறுத்துகிறார்.

நார்மனின் தீர்ப்பு

நீதிபதி நார்மன் வாதத்தை எளிதாகத் தள்ளிவிடவில்லை. அவருடைய தீர்ப்பு விரிவானது. முதலில், கல்கத்தா நகர எல்லைக்கு வெளியே, ‘மொஃபசில்’ எனப்பட்ட உட்பகுதியில் காவலில் உள்ள இந்தியர் பொருட்டும் ஆட்கொணர்வு ஆணை பிறப்பிக்கும் அதிகாரம் உயர்நீதிமன்றத்துக்கு உண்டு என்பதை ஏற்றார். இது சிறிய வெற்றியன்று.

ஆனால் அடுத்த படியில் அமீர் கான் தோற்றார். ஆபத்துக் காலங்களில் ஆங்கில நாடாளுமன்றமே ஆட்கொணர்வு உரிமையை நிறுத்தி வைத்துள்ளது. அதே கொள்கையின் அடிப்படையில் அமைந்த ஒழுங்குவிதியை இயற்ற இந்தியச் சட்டமன்றத்துக்கு அதிகாரம் உண்டு என்பது நார்மனின் முடிவு. மனு தள்ளுபடியாயிற்று. மேல்முறையீட்டிலும் அம்முடிவு மாறவில்லை.

இத்தருக்கத்தில் உள்ள இடைவெளியை இன்று நாம் எளிதில் காணலாம். ஆங்கில நாடாளுமன்றம் அவ்வுரிமையை நிறுத்தியபோதெல்லாம் ஒரு காலவரையறைக்கு உட்பட்டு நிறுத்தியது. அம்முடிவை எடுத்தோர் அம்மக்களின் பிரதிநிதிகள். 1818ஆம் ஆண்டின் ஒழுங்குவிதிக்குக் காலவரையறை இல்லை. அதனை இயற்றிய மன்றத்தில் இந்தியர் ஒருவரும் இல்லை. அங்கே விதிவிலக்காக இருந்தது இங்கே விதியாயிற்று.

இவ்வழக்கின் நடவடிக்கைகள் நூல் வடிவில் வெளிவந்து படித்த இளைஞரிடையே பரவின. அவற்றை ஆர்வத்துடன் வாசித்தோரில் ஒருவர் பின்னாளின் தேசியத் தலைவர் பிபின் சந்திர பால். முஸ்லிம் முதியவர் ஒருவருக்காக ஓர் ஆங்கிலேயக் கத்தோலிக்கர் நிகழ்த்திய வாதம், வங்காள இந்து இளைஞர்களுக்கு அரசியல் பாடமாயிற்று.

கத்தி கெடுத்தது

இதன் பின் நிகழ்ந்தவை துயரமானவை. அமீர் கான் மீது 1871இல் பாட்னாவில் முறையான வழக்குத் தொடரப்பட்டது. அரசுக்கெதிராகப் போர் தொடுக்க உதவியதாக நீதிமன்றம் முடிவு செய்து, அவருக்கு ஆயுட்கால நாடுகடத்தலும் சொத்துப் பறிமுதலும் விதித்தது.

அதே ஆண்டு செப்டம்பர் 20 அன்று, தலைமை நீதிபதி பொறுப்பு வகித்த நார்மன், அப்போது உயர்நீதிமன்றம் இயங்கி வந்த கல்கத்தா நகர மண்டபத்தின் படிகளில் ஏறுகையில் அப்துல்லாஹ் என்பவனால் கத்தியால் குத்தப்பட்டு மறுநாள் இறந்தார். கொலையாளி தூக்கிலிடப்பட்டான். ‘வஹ்ஹாபி’ வழக்குகளுக்குப் பழிவாங்கிய செயல் இது என்று அன்றே பலரும் பேசினர். அது உறுதியாக நிலைநாட்டப்படவில்லை. 1872 பிப்ரவரி 8 அன்று அந்தமானில் வைஸ்ராய் மேயோ பிரபுவும் ஷேர் அலீ என்னும் கைதியால் கொல்லப்பட்டார்.

சட்டத்தின் கேள்விக்குக் கத்தி விடையாகாது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை. நார்மனின் தீர்ப்பில் இருந்த பிழையை எடுத்துக்காட்டும் வாய்ப்பு அவருடைய கொலையோடு மங்கிப்போயிற்று. அதுவரை ஒரு வணிகரின் உரிமையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோர் அதன்பின் முஸ்லிம்களின் விசுவாசத்தைப் பற்றிப் பேசத் தொடங்கினர். 1871இல் வெளிவந்த ஹண்டரின் ‘இந்திய முஸல்மான்கள்’ நூல் அச்சந்தேகத்துக்கு ஏற்கெனவே வடிவம் கொடுத்திருந்தது. அதற்கு மறுப்புரைக்கும் சுமை ஸர் ஸையித் அஹ்மத் கான் தோள்மீது விழுந்தது.

சட்டமும் பின்வாங்கியது. 1872ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டம், மாகாணத் தலைநகர்களுக்கு வெளியே உயர்நீதிமன்றங்கள் ஆட்கொணர்வு ஆணை பிறப்பிப்பதைத் தடை செய்தது. அதே சட்டம் ஐரோப்பியக் குடிமக்களுக்கு மட்டும் தம் காவலை எதிர்த்து உயர்நீதிமன்றத்தை நாடும் வழியைத் திறந்து வைத்தது. நார்மன் ஏற்றுக்கொண்ட அந்தச் சிறு வெற்றியும் இவ்வாறு பறிக்கப்பட்டது.

இது கல்கத்தாவோடு முடிந்த செய்தியன்று. சென்னை நகருக்கு வெளியே இருந்த தென்னார்க்காடும் மொஃபசிலே. சென்னை மாகாணத்தில் 1805 முதல் உப்பு அரசின் தனியுரிமையாக இருந்தது. மரக்காணத்து அளத்தில் வேலை செய்த ஓர் உப்பளத் தொழிலாளி அநியாயமாக அடைக்கப்பட்டிருந்தால், அவருக்காகச் சென்னை உயர்நீதிமன்றத்தில் அந்த ஆணையைக் கேட்க வழியில்லை. அவரை மேற்பார்த்த ஐரோப்பிய அதிகாரிக்கு நேர்ந்திருந்தால் வழி இருந்தது. 1923ஆம் ஆண்டின் திருத்தமே, நடைமுறைச் சட்டத்தின் 491ஆம் பிரிவின் வாயிலாக, உயர்நீதிமன்றத்தின் மேல்முறையீட்டு எல்லைக்குட்பட்ட அனைவருக்கும் அவ்வுதவியை விரித்தது. ஐம்பதாண்டுக் காலம் கழிந்திருந்தது.

கராச்சியில் மவ்லானா முஹம்மத் அலீ

அதிகாரத்தை வினவுவதில் மூன்றாவது வழியும் உண்டு. 1921 ஜூலையில் கராச்சியில் கூடிய கிலாஃபத் மாநாடு, ஆங்கில இராணுவத்தில் பணிபுரிவது முஸ்லிம்களுக்கு ஹராம் என்று தீர்மானித்தது. அதற்காக மவ்லானா முஹம்மத் அலீ செப்டம்பர் 14 அன்று, காந்தியடிகளுடன் சென்னை நோக்கிப் பயணம் செய்கையில், வால்டேர் இரயில் நிலையத்தில் கைது செய்யப்பட்டார். கராச்சி காலிக்தீனா மண்டபத்தில் நடந்த விசாரணையில் அவரோடு மவ்லானா ஷவ்கத் அலீ, மவ்லானா ஹுஸைன் அஹ்மத் மதனீ, டாக்டர் கிச்லூ, சங்கராச்சாரியார் பாரதி கிருஷ்ண தீர்த்தர் முதலானோரும் நிறுத்தப்பட்டனர்.

முஹம்மத் அலீ ஜூரிகளின் முன் வைத்த வாதம் எளியது. சமய நம்பிக்கையில் தலையிடமாட்டோம் என்று 1858ஆம் ஆண்டின் விக்டோரியா பிரகடனம் உறுதியளித்தது. மார்க்கம் விலக்கியதை விலக்கப்பட்டது என்று சொன்னதற்காக ஒருவரைத் தண்டிக்க முடியுமாயின், அவ்வுறுதிமொழிக்கு என்ன பொருள்? இறைவனின் சட்டமும் அரசரின் சட்டமும் மோதும்போது நான் எதற்குக் கீழ்ப்படிவேன் என்பதில் எனக்கு ஐயமில்லை என்றும் அவர் ஒளிக்காமல் சொன்னார். நவம்பர் 1 அன்று சங்கராச்சாரியார் விடுவிக்கப்பட்டார். ஏனையோருக்கு இரண்டாண்டுக் கடுங்காவல் விதிக்கப்பட்டது.

இங்கே நோக்கத்தக்கது ஒன்று. அரசரின் சட்டத்துக்கு மேலான சட்டம் ஒன்று உண்டென்று அறிவித்த முஹம்மத் அலீ, அதன் விளைவாகிய சிறையையும் ஏற்றார். மேலான சட்டத்தைச் சுட்டியவர் தம் வசதிக்காக அதனைச் சுட்டவில்லை. அது அவரிடமிருந்து கூடுதலாகவே கேட்டது. தானே தனக்கு அரசன் என்போர் கேட்பதோ சுமையற்ற வாழ்வு. வரி வேண்டாம், உரிமம் வேண்டாம், தண்டனை வேண்டாம் என்பதே அவர்களின் இறையாண்மை.

கோபாலன் வழக்கும் ஃபஸ்ல் அலீயும்

நாடு விடுதலை பெற்றது. அரசியலமைப்பு 1950 ஜனவரி 26 அன்று நடைமுறைக்கு வந்தது. ஒரு மாதம் ஆகும் முன்பே, பிப்ரவரியில், தடுப்புக் காவல் சட்டம் இயற்றப்பட்டது. 1947 டிசம்பர் முதல் சென்னை மாகாணச் சிறைகளில் இருந்த கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே. கோபாலனுக்கு 1950 மார்ச் 1 அன்று அச்சட்டத்தின் கீழ் புதிய ஆணை வழங்கப்பட்டது. அவர் உச்சநீதிமன்றத்தை நாடினார். அமீர் கானுக்காக ஆன்ஸ்டி கேட்ட கேள்வியையே கோபாலனுக்காக எம்.கே. நம்பியார் வேறு சொற்களில் கேட்டார்: சட்டமன்றம் இயற்றிய எதுவும் சட்டமாகிவிடுமா? தனிமனித சுதந்திரத்தைப் பறிக்கும் சட்டத்தில் நீதி இருக்க வேண்டாமா?

மே 19 அன்று வெளியான தீர்ப்பில், கைதிக்குத் தெரிவிக்கப்பட்ட காரணங்களை நீதிமன்றத்துக்கும் வெளியிடலாகாது என்ற 14ஆம் பிரிவை ஆறு நீதிபதிகளும் செல்லாதென்றனர். ஆனால் பெரும்பான்மையினர் சட்டத்தின் ஏனைய பகுதிகளை ஏற்றனர். கோபாலனின் மனு தள்ளுபடியாயிற்று. மாறுபட்ட இருவரில் ஒருவர் நீதிபதி ஸையித் ஃபஸ்ல் அலீ. அடிப்படை உரிமைகள் தனித்தனி அறைகளில் அடைபட்டவை அல்ல, ஒன்றோடொன்று பின்னிப் பிணைந்தவை என்பதும், சட்டம் வகுக்கும் நடைமுறையில் இயற்கை நீதி இருந்தாக வேண்டும் என்பதும் அவர் நிலைப்பாடு. இவர் பீகாரைச் சேர்ந்தவர். பாட்னா உயர்நீதிமன்றத்தின் தலைமை நீதிபதியாக இருந்தவர். அமீர் கானுக்குத் தண்டனை விதிக்கப்பட்ட நகரிலிருந்தே, எண்பதாண்டுகளுக்குள், அக்கேள்விக்கு விடையளித்த நீதிபதியும் வந்தார்.

அன்று அவர் கருத்து சிறுபான்மைக் கருத்து. 1970இல் வங்கிகள் நாட்டுடைமை வழக்கிலும் 1978இல் மேனகா காந்தி வழக்கிலும் உச்சநீதிமன்றம் அந்தப் பாதைக்கே வந்து சேர்ந்தது. இடையில் நெருக்கடிநிலைக் காலத்தில், 1976 ஏப்ரல் 28 அன்று, ஆட்கொணர்வு மனு தாக்கல் செய்யும் உரிமையே இல்லை என்று நான்கு நீதிபதிகள் முடிவு செய்தனர், எச்.ஆர். கன்னா ஒருவரே மறுத்தார். அத்தீர்ப்பை 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்சநீதிமன்றம் வெளிப்படையாக நீக்கியது.

ஆயினும் தடுப்புக் காவல் இன்றும் நம்மிடையே உண்டு. அரசியலமைப்பின் 22ஆம் பிரிவு அதற்கு இடமளிக்கிறது. 1980ஆம் ஆண்டின் தேசியப் பாதுகாப்புச் சட்டமும், தமிழகத்தில் ‘குண்டர் சட்டம்’ என வழங்கும் 1982ஆம் ஆண்டின் சட்டமும் விசாரணையின்றிப் பன்னிரண்டு மாதம் வரை ஒருவரைக் காவலில் வைக்க வகை செய்கின்றன. வேறுபாடு என்னவெனில், இன்று காரணங்களைக் கைதிக்குத் தெரிவித்தாக வேண்டும். அவர் தம் மறுப்பை எழுதிக் கொடுக்கலாம். அறிவுரைக் குழுமம் ஆராய்ந்தாக வேண்டும். உயர்நீதிமன்றத்தின் கதவு மாவட்ட எல்லையைப் பார்த்து மூடப்படுவதில்லை. சிறையாளருக்குப் புரியும் மொழியில் காரணங்கள் வழங்கப்படவில்லை என்பதற்காகவும், அவர் மறுப்பு உரிய காலத்தில் பரிசீலிக்கப்படவில்லை என்பதற்காகவும் நீதிமன்றங்கள் காவல் ஆணைகளை நீக்கி வருகின்றன. இப்பாதுகாப்புகள் தாமாக வரவில்லை. தோற்ற மனுக்களின் மேல் மனுக்களாக அடுக்கப்பட்டு எழுந்தவை.

நாம் கொள்ள வேண்டியது

நம் சமுதாயத்து இளைஞர் ஒருவர் காவலில் வைக்கப்படும்போது, அவர் குடும்பத்தாரிடம் இரு வகையினர் வருகின்றனர். இந்த நீதிமன்றத்தில் நமக்கு என்றுமே நீதி கிடையாது, வாதிட்டுப் பயனில்லை என்போர் ஒரு சாரார். எதையும் கேட்காதீர்கள், கேட்டால் பகை வரும் என்போர் மற்றொரு சாரார். முதற்சாராரின் சொல் சட்டத்தைக் கைவிடச் செய்கிறது; இரண்டாம் சாராரின் சொல் உரிமையைக் கைவிடச் செய்கிறது. அமீர் கான் இவ்விரண்டையும் செய்யவில்லை. ஆட்சி அந்நியருடையது, சட்டம் அவர்கள் இயற்றியது, நீதிபதியும் அவர்களில் ஒருவர். எனினும் அவர்களுடைய சட்டத்தையே கற்றறிந்த ஒருவரை அமர்த்தி, அதன் பிரிவையும் வரியையும் சுட்டிக்காட்டிக் கேட்டார்.

குடும்பத்தார் முதலில் கேட்டுப் பெற வேண்டியவை மூன்று: காவல் ஆணையின் நகல், அதற்கான காரணங்கள் தமிழில், மறுப்புரை அளிக்கக் கால அவகாசம். இவற்றை அறிந்த வழக்கறிஞர்கள் நம் ஊர்களில் உருவாக வேண்டும். ஃபிக்ஹில் ‘அதபுல் காஜீ’ பாடத்தை ஓதும் அரபுக் கல்லூரி மாணவர், அதனோடு அரசியலமைப்பின் 21, 22ஆம் பிரிவுகளையும் கற்பாராயின், இரண்டும் ஒரே கேள்வியைச் சுற்றி நிற்பதைக் காண்பார். அதிகாரம் ஒரு அமானத். அதனை வைத்திருப்பவரிடம் அதன் எல்லையைக் கேட்பது, அமானத்தை ஒப்படைத்தவரின் உரிமை.